தோட்டத்துக்குள் நின்ற அரசு: மலாயாத் தமிழரின் ஆட்சி, கல்வி, காவல் – பீஜித் தீவுகளோடு ஓர் ஒப்பீடு

முன்னுரை

பத்துமலையில் முருகன் கோயில் 1891ஆம் ஆண்டில் தோன்றியது. அடுத்த ஆண்டு முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. அக்கோயில் எழக் காரணமாக இருந்தவர் கா. தம்புசாமிப் பிள்ளை. சிலாங்கூரின் முதல் ஆங்கிலேய ரெசிடெண்டாகிய டேவிட்சனுடன் எழுத்தராக இம்மாநிலத்துக்கு வந்து, பின்னர்ப் பெருஞ்செல்வராக உயர்ந்தவர் அவர். 1893இல் கோலாலம்பூரில் விக்டோரியா கல்விக்கூடம் தொடங்கப்பட்டபோது அதன் அறங்காவலருள் ஒருவராகவும் அவர் விளங்கினார். ஆங்கிலேய ஆட்சியாளரோடும் சீனச் செல்வரோடும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரு பள்ளியின் போக்கைத் தீர்மானிக்கும் தகுதி நகர்ப்புறத் தமிழர் ஒருவருக்கு அன்றே வாய்த்திருந்தது.

ஆனால், அதே பத்துமலைக்குக் காவடி எடுத்து வந்த தோட்டத் தொழிலாளிக்கு அத்தகைய வாய்ப்பு எதுவும் இல்லை. அவன் பிள்ளை படித்த பள்ளி அவனுடையதன்று, அரசினுடையதுமன்று. அது தோட்டத்தினுடையது. அவன் குடியிருந்த லயமும், நோயுற்றால் படுத்த மருத்துவமனையும், அவன் மீது குற்றம் சாட்டிய அலுவலகமும் தோட்டத்தினுடையனவே.

ஆட்சி, கல்வி, காவல் ஆகிய மூன்றும் ஓர் அரசின் அடிப்படைக் கடமைகள். இம்மூன்றையும் மலாயாவின் காலனிய அரசு தோட்ட நிருவாகத்தின் கையில் எவ்வாறு ஒப்படைத்தது என்பதையும், அதன் விளைவு 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இதே பேரரசின் கீழ், இதே தமிழ் நிலத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் பசிபிக் பெருங்கடலில் உள்ள பீஜித் தீவுகளில் வேறொரு வழியில் பள்ளிகளை அமைத்தனர். அதனோடு ஒப்பிடும்போதுதான் மலாயாவின் நிலை தெளிவாகப் புலப்படும்.

ஆட்சி: துரைக்குப் பின்னால் நின்ற அரசு

1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஒரு கூட்டமைப்பாக இணைக்கப்பட்டன. கோலாலம்பூர் அதன் தலைநகராயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பயிர் பெருகியதும் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரைக் கொண்டுவருவது அரசின் பணிகளுள் ஒன்றாயிற்று. அதற்கென 1907இல் இந்தியக் குடிவரவுக் குழு அமைக்கப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1912இல் தொழிலாளர் சட்டத் தொகுப்பும், அதனைச் செயற்படுத்தத் தொழிலாளர் துறையும் ஏற்பட்டன.

சட்டத்தின்படி, தொழிலாளரின் நலனைக் கண்காணிப்பவர் தொழிலாளர் கட்டுப்பாட்டு அதிகாரி. நடைமுறையில் அவ்வதிகாரி தோட்டத்துக்கு வருவது எப்போதோ ஒருமுறை. அன்றாட வாழ்வில் தொழிலாளி கண்ட ஆட்சி, விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் கிராணியும், வேலையை மேற்பார்க்கும் கங்காணியும், இவர்களுக்கெல்லாம் மேலே இருந்த துரையுமே ஆவர். இந்திய அரசு 1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ்த் தன் முகவர் ஒருவரை மலாயாவில் அமர்த்தியது. அவர் அறிக்கை எழுதலாம், பரிந்துரை செய்யலாம், ஆணையிட இயலாது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் இங்கு வந்து நிலைமையை ஆராய்ந்து சென்றார். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தையே தடை செய்தது. எனினும் தோட்ட எல்லைக்குள் நிலவிய ஆட்சியின் இயல்பு இவற்றால் மாறவில்லை.

கல்வி: முதலாளியின் கடமையான பள்ளி

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டம் பள்ளி ஒன்றை நடத்த வேண்டும் என விதித்தது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை பள்ளி வயதாகக் கருதப்பட்டது. மலேசியத் தமிழ்ப் பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் இவ்விதியைத் தமிழ்க் கல்வியின் அடிக்கல்லாகப் போற்றுவர். அது பெருமளவு உண்மையே. இவ்விதி இல்லாதிருப்பின் நூற்றுக்கணக்கான பள்ளிகள் தோன்றியிரா.

ஆயினும் இவ்விதி எந்தச் சட்டத்தில் இடம்பெற்றது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அது கல்விச் சட்டத்தில் இல்லை; தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. குடியிருப்பு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றோடு பள்ளியும் முதலாளி செய்துதர வேண்டிய வசதிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. தொழிலாளியின் பிள்ளை கல்வி பெறுவது குடிமகனின் உரிமையாக அன்றி, வேலைக்கு வந்தவனின் குடும்பத்துக்கு அளிக்கப்படும் சலுகையாகவே கருதப்பட்டது. தொழிலாளரைத் தோட்டத்தில் நிலைநிறுத்தவும் பள்ளி பயன்பட்டது.

இதன் விளைவுகள் பலவாகும். முதலாவதாக, பள்ளியின் தரம் துரையின் மனப்போக்கைப் பொறுத்ததாயிற்று. சில தோட்டங்களில் நல்ல கட்டடமும் முறையான ஆசிரியரும் இருந்தனர். பல தோட்டங்களில் லயத்தின் ஒரு மூலையோ தகரக் கொட்டகையோ பள்ளியாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ தொழிலாளியோ ஆசிரியராக இருந்தார். இரண்டாவதாக, கல்வி தொடக்க நிலையின் சில வகுப்புகளோடு நின்றது. அதற்கு மேல் தமிழில் படிக்க இடமில்லை; ஆங்கிலப் பள்ளிகளோ நகரங்களில் இருந்தன. மூன்றாவதாக, பாடநூல்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்தே வந்தன. பிள்ளைகள் காவிரியையும் வைகையையும் அறிந்தனர். தங்கள் தோட்டத்தை ஒட்டி ஓடிய கிள்ளான் ஆற்றைப் பற்றி அவர்கள் நூலில் ஒரு வரியும் இல்லை.

அரசு தேர்வு முடிவையும் மாணவர் வருகையையும் அளவுகோலாகக் கொண்டு உதவித்தொகை வழங்கியது. 1930ஆம் ஆண்டளவில்தான் தமிழ்ப் பள்ளிகளுக்கெனத் தனி ஆய்வாளர் அமர்த்தப்பட்டார். 1938ஆம் ஆண்டுக் கணக்கின்படி இருந்த 547 தமிழ்ப் பள்ளிகளுள் 511 தோட்டப் பள்ளிகள். 23 கிறித்துவ சமய அமைப்புகள் நடத்தியவை. அரசே நேரடியாக நடத்தியவை 13 மட்டுமே. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்தன என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

இங்குப் பிற இனத்தாரின் பள்ளிகளோடு ஒப்பிடுதல் பயன் தரும். மலாய்ப் பள்ளிகளை அரசே நடத்தியது. மலாய் ஆசிரியர்களுக்காக 1922இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரியைத் திறந்தது. சீனப் பள்ளிகளைச் சீனச் சமூகமே பொருள் திரட்டி நடத்தியது. அப்பள்ளிகளில் சீன அரசியல் நுழைகிறது என அஞ்சிய அரசு, 1920ஆம் ஆண்டில் பள்ளிப் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்து அவற்றைக் கண்காணித்தது. தமிழ்ப் பள்ளியைப் பொறுத்தவரை அரசுக்கு அத்தகைய அச்சம் எழவில்லை. பள்ளியை நடத்துபவரே அதைக் கண்காணிப்பவராகவும் இருந்தமையால் தனிக் கண்காணிப்புத் தேவைப்படவில்லை.

காவல்: தோட்ட எல்லையும் காவல் நிலையமும்

சிலாங்கூரின் காவற்படையை உருவாக்கியவர் எச். சி. சையர்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி. 1896இல் கூட்டமைப்புக் காவற்படை தோன்றியபோது அவரே அதன் முதல் ஆணையரானார். அப்படையில் மலாய்க்காரரும் சீக்கியர் முதலான வட இந்தியருமே பெரும்பான்மையினர். மக்கள் தொகையில் பெரும் பங்கு வகித்த தமிழ்த் தொழிலாளருக்கு அதில் போதிய இடமில்லை. ஆகவே தமிழன் கண்ட ‘மாத்தா மாத்தா’ அவன் மொழி பேசாதவனாகவே இருந்தான்.

ஆனால் தோட்டத்துக்குள் காவலர் வருவது அரிது. அங்கு வேறொரு காவல் இருந்தது. வாயிலில் ஜாகா நின்றான். தோட்டம் தனியார் நிலம் என்பதால், வெளியார் உள்ளே வர நிருவாகத்தின் இசைவு வேண்டும். உறவினரும் நண்பரும்கூட இதற்கு விலக்கல்லர். கூட்டம் கூடுவதும் சங்கம் பற்றிப் பேசுவதும் வேலையை இழக்கப் போதுமான குற்றங்களாயின. வேலையை இழந்தால் வீடும் போயிற்று. வீடு போனால் பிள்ளையின் பள்ளியும் போயிற்று. இவ்வாறு ஆட்சி, கல்வி, காவல் ஆகிய மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகளாக முறுக்கப்பட்டிருந்தன. நீதிமன்றமும் சிறையும் இன்றியே தண்டனை வழங்கும் வல்லமை நிருவாகத்துக்கு இதனால் கிடைத்தது.

கிள்ளான், 1941

இக்கயிறு அறுபடத் தொடங்கியது கிள்ளானில். ஐரோப்பாவில் போர் மூண்டதனால் இரப்பர் விலை உயர்ந்தது. பொருள்களின் விலையும் ஏறியது. தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலியோ 50 காசாகவே இருந்தது. அதே வேலை செய்த சீனத் தொழிலாளர் அதைவிட மிகுதியாகப் பெற்றனர். இந்நிலையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தொழிலாளரை ஒன்று திரட்டியது. அதன் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ நாளிதழில் அந்நாளில் துணையாசிரியராகப் பணியாற்றியவர் அவர்.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் வேலைநிறுத்தங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. தொழிலாளரின் கோரிக்கைப் பட்டியலை வெறும் கூலிப் பட்டியலாகக் கருதுவோர் அதன் சாரத்தை இழந்துவிடுவர். சீனருக்கு இணையான கூலி என்பது அதில் ஒன்று. கொடுமை இழைக்கும் ஆசிய அலுவலர்களை நீக்கித் தமிழறிந்த அலுவலர்களை அமர்த்துதல், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தக்க மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து செல்லுதல், குறை கூறியவர்களைப் பழிவாங்காமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியனவும் அதில் இருந்தன. இவற்றோடு மற்றொன்றும் இருந்தது. துரையையோ அலுவலரையோ கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அது.

இப்பட்டியலை மேலே கூறிய மூன்று தலைப்புகளின் கீழ் வகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். அலுவலர், மருத்துவம், கள்ளுக்கடை ஆகியவை ஆட்சி பற்றியவை. பிள்ளைகளின் பள்ளி கல்வி பற்றியது. வாயில், கூட்டம், சங்கம், மிதிவண்டி ஆகியவை காவல் பற்றியவை. இவை அனைத்தும் ஒரு குடிமகன் தன் அரசிடம் கேட்கக்கூடியவை. தொழிலாளர் அவற்றை முதலாளியிடம் கேட்க நேர்ந்தது. ஏனெனில் அவர்களுக்குத் தெரிந்த அரசு அதுவே. நல்ல ஆசிரியர் வேண்டும் எனக் கேட்பதும் இதனால் தொழிற் கிளர்ச்சியாயிற்று.

மிதிவண்டி பற்றிய கோரிக்கை சிறிதாகத் தோன்றலாம். ஒருவன் தன் உழைப்பில் வாங்கிய மிதிவண்டி அவன் தோட்ட எல்லைக்கு வெளியே செல்லும் வழியாகும். அதன் மேல் அமர்ந்தபடியே துரையைக் கடந்து செல்ல அவன் விரும்பினான். கூலி உயர்வுக்கும் இதற்கும் இடையில் அவன் வேறுபாடு காணவில்லை என்பதே கருதத்தக்கது.

1941 மே 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தோட்டந்தோறும் வேலைநிறுத்தம் மீண்டும் பரவியது. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சர் ஷென்டன் தாமஸ் அப்போது உயர் ஆணையராக இருந்தார். காவலரோடு படையினரும் தோட்டங்களுக்குள் நுழைந்தனர். துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர் என்பது வரலாற்றாசிரியர் பலர் தரும் கணக்கு. பலர் காயமுற்றனர், நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். பலர் சிலாங்கூருக்குள் வாழக் கூடாது என்னும் நிபந்தனையின் பேரில் விடுவிக்கப்பட்டனர். சிலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். நாதனும் நாடு கடத்தப்பட்டார்.

அரை நூற்றாண்டாகத் தொழிலாளியின் ஆட்சிப் பொறுப்பையும் கல்விப் பொறுப்பையும் பிறரிடம் விட்டிருந்த அரசு, தோட்டத்துக்குள் தானே நேரில் வந்தது இந்நிகழ்ச்சியில்தான். அது பள்ளி ஆய்வாளராக வரவில்லை, துப்பாக்கியோடு வந்தது. ஏழு திங்கள் கழித்து, 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். அடுத்த ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் அவர்கள் வசமாயிற்று. தோட்டங்களைக் காக்க வந்த படை அந்நகரைக் காக்க இயலாமல் பின்வாங்கியது.

பீஜி: வேறொரு வழி

பீஜித் தீவுகள் 1874இல் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டன. 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 61,000 இந்தியர் அங்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் புறப்பட்டது 1903க்குப் பிறகே. அங்கு அவர்களை ஆண்டது ஆஸ்திரேலிய சர்க்கரை நிறுவனம் ஒன்று. கரும்புத் தோட்டங்களின் கூலி லயங்களில் நிலவிய கொடுமை மலாயாவுக்குக் குறைந்ததன்று. 1920இல் சுவா நகரில் வேலைநிறுத்தம் எழுந்தபோது காவலர் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். நியூசிலாந்திலிருந்து படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளருக்காக வாதாடிய வழக்கறிஞர் மணிலால் தீவை விட்டு வெளியேற்றப்பட்டார். இருபத்தோராண்டுக்குப் பின் கிள்ளானில் நிகழ்ந்ததன் முன்னோட்டம் போலவே இது காணப்படுகிறது.

ஆனால் அதே 1920ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீஜியில் ஒப்பந்தங்கள் அனைத்தும் நீக்கப்பட்டன. பின்னர் அச்சர்க்கரை நிறுவனம் தன் பெருந்தோட்டங்களைச் சிறு கூறுகளாக்கிக் குத்தகைக்கு விட்டது. கூலியாக இருந்தவர் குத்தகை விவசாயியானார். அவர் வீடு நிறுவனத்தின் லயத்தில் இல்லை. பள்ளி நடத்த வேண்டும் என நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் மலாயாச் சட்டத்தை ஒத்த ஏற்பாடும் அங்கில்லை. எனவே ஊரார் தாமே குழு அமைத்துப் பள்ளி கட்டினர். 1926இல் நாடியில் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இம்முயற்சிகளை ஒருங்கிணைத்தது. பின்னர் இராமகிருஷ்ண இயக்கத் துறவியர் வந்து துணை நின்றனர். அவர்களுள் சுவாமி உருத்திரானந்தர் பள்ளிப் பணியோடு விவசாயிகளின் போராட்டத்திலும் ஈடுபட்டார். 1943ஆம் ஆண்டுக் கரும்புப் போராட்டத்தின்போது அரசு அவருடைய நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. ஆயினும் சங்கத்தின் பள்ளிகள் மூடப்படவில்லை. தலைவரை அடக்கினாலும் பள்ளி நிற்கும் என்னும் நிலை அங்கு இருந்தது. அச்சங்கம் இன்றும் தொடக்கப் பள்ளிகளையும் உயர்நிலைப் பள்ளிகளையும் நடத்தி வருகிறது.

இவ்வொப்பீட்டால் பீஜியே சிறந்தது என முடிவு கட்டுவது பொருந்தாது. குத்தகை நிலமும் சொந்த நிலமன்று. 1997 முதல் குத்தகைகள் காலாவதியாகத் தொடங்கியபோது பல குடும்பங்கள் நிலத்தை இழந்தன. அதனினும் முக்கியமானது மொழியின் நிலை. பீஜி இந்தியரின் பொதுமொழியாக இந்துஸ்தானியே வளர்ந்தது. கல்வியிலும் அதுவே இந்திய மொழியாக முதலிடம் பெற்றது. தமிழுக்கும் தெலுங்குக்கும் இடம் வேண்டிச் சங்கம் உழைத்தது. ஆயினும் இன்று பீஜித் தமிழரின் இல்லங்களில் தமிழ் பேச்சுமொழியாகப் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அவர்கள் பள்ளியைத் தம் கையில் வைத்துக்கொண்டனர், மொழியை இழந்தனர். மலாயாத் தமிழர் மொழியைக் காத்துக்கொண்டனர். பள்ளியோ அவர்கள் கையில் இல்லை.

விடுதலைக்குப் பின்

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் அதனைத் தொடர்ந்த கல்விச் சட்டமும் தமிழ்த் தொடக்கப் பள்ளியை நாட்டின் பொதுக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. பாடத்திட்டமும் ஆசிரியரும் ஊதியமும் அரசின் பொறுப்பாயின. இது பெரிய மாற்றம் என்பதில் ஐயமில்லை. தோட்ட நிருவாகத்தின் தயவில் வாழ்ந்த ஆசிரியர் அரசு ஊழியரானார். ஆனால் பள்ளி நின்ற நிலம் பல இடங்களில் தோட்டத்தினுடையதாகவே நீடித்தது. பகுதி உதவி பெறும் பள்ளி, முழு உதவி பெறும் பள்ளி என நாம் இன்று வழங்கும் பாகுபாட்டின் வேர் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது.

1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகக் குறைந்துள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், பின்னர் நகரியங்களாக மாற்றப்பட்டதும் இதற்குரிய காரணங்களுள் முதன்மையானவை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இம்மாற்றத்தைக் கண்கூடாகக் காணலாம். புக்கிட் ஜாலில் தோட்டம் இருந்த பகுதியில் 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுகளுக்கான அரங்கம் எழுந்தது. புக்கிட் ராஜாத் தோட்டம் குடியிருப்பு நகரியமாயிற்று. தோட்டம் விற்கப்பட்டபோது லயமும் கோயிலும் பள்ளியும் ஒருசேர இடம்பெயரும் நிலைக்குள்ளாயின. நிலம் யாருடையதோ அவரே பள்ளியின் எதிர்காலத்தையும் தீர்மானிப்பவர் என்னும் பழைய ஏற்பாடு, தோட்டம் மறைந்த பின்னும் மறையவில்லை.

முடிவுரை

மலாயாவின் காலனிய அரசு தமிழ்த் தொழிலாளரைப் புறக்கணித்தது எனப் பொதுவாகக் கூறுவர். அதனினும் துல்லியமாகக் கூறுவதாயின், அது தன் கடமைகளைக் குத்தகைக்கு விட்டது எனலாம். ஆளும் பொறுப்பும் கற்பிக்கும் பொறுப்பும் காக்கும் பொறுப்பும் ஒரே நிருவாகத்தின் கையில் சேர்ந்ததால், தொழிலாளி முறையிடுவதற்கு அதனினும் உயர்ந்த இடம் எதுவும் நடைமுறையில் இல்லாமற் போயிற்று. கிள்ளான் தொழிலாளரின் கோரிக்கைகள் இக்குறையை அடையாளம் கண்டு எழுந்தவை. அவற்றைக் கூலிப் போராட்டத்தின் வரலாற்றில் மட்டும் சேர்த்துவிடாமல், தமிழ்க் கல்வியின் வரலாற்றிலும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். தம் பிள்ளைகளுக்கு முறையான பள்ளி வேண்டும் எனக் கேட்டுச் சிறை சென்றோரும் உயிர் நீத்தோரும் நம் பள்ளிகளின் நிறுவனர் பட்டியலில் இடம்பெறத் தக்கவர்கள்.

தமிழ்ப் பள்ளி பற்றிய இன்றைய உரையாடல்கள் பெரும்பாலும் மாணவர் எண்ணிக்கையையும் தேர்ச்சி விகிதத்தையும் சுற்றியே அமைகின்றன. அவை தேவையானவையே. ஆயினும் ஒரு தமிழ்ப் பள்ளியின் வாயிலில் நிற்கும்போது, இந்நிலம் யார் பெயரில் உள்ளது, இப்பள்ளிக்கு யார் பொறுப்பேற்கிறார் என்னும் வினாக்களை ஆசிரியரும் பெற்றோரும் முதலில் கேட்க வேண்டும் என்பதையே 1923ஆம் ஆண்டுச் சட்டமும் 1941ஆம் ஆண்டுப் போராட்டமும் நமக்குக் கற்பிக்கின்றன.